கராத்தேப் பயிற்சியில் வழங்கும் ஜப்பானியச் சொற்களின் சரித்திரம்

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட பாரிவாக்கம் முதலிய ஊர்களில், பள்ளி மைதானங்களிலும் மொட்டை மாடிகளிலும் நடைபெறும் கராத்தே வகுப்புகளைக் கவனிப்போர், மற்ற வேளையெல்லாம் தமிழே பேசும் ஆசிரியரும் மாணவரும் பயிற்சி தொடங்கிய கணமே வேறொரு பாஷைக்குள் புகுந்துவிடுவதைக் காண்பர். 'யோய்' என்றதும் வரிசை ஆயத்தமாகிறது. 'ஹாஜிமே' என்றதும் கைகள் இயங்குகின்றன. 'இச்சி, நி, சான், ஷி, கோ' என்று எண்ணிக்கை ஏறி, பத்தாவது குத்தில் 'கியாய்' என்னும் முழக்கம் எழுகிறது. 'யாமே' என்றதும் எல்லாம் நிற்கின்றன. முடிவில் பிள்ளைகள் 'செய்சா' என்று மண்டியிட்டு, 'மொக்சோ' என்று கண்மூடி, 'சென்செய் நி ரே' என்று தலைவணங்குகிறார்கள். இச்சொற்கள் அனைத்தும் பண்டைக்காலந்தொட்டு மாறாமல் வந்தவை என்னும் நம்பிக்கை பெற்றோரிடத்தும் ஆசிரியர் சிலரிடத்தும் வேரூன்றியிருக்கிறது. சரித்திரத்தை ஆராய்ந்தால், பயிற்சிக்கூடத்தின் இந்த ஆணைமுறை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளுக்குள் உருப்பெற்றதென்பதும், அதனுள்ளே மிகப் பழைய சொற்கள் சில பொதிந்திருக்கின்றன என்பதும் புலப்படும்.

கராத்தேயின் பிறப்பிடம் ஜப்பானின் பெருநிலமன்று. 1879 வரையில் தனி அரசாக விளங்கி, அவ்வாண்டில் ஒகினாவா மாவட்டமாக ஜப்பானோடு இணைக்கப்பட்ட ரியூக்கியூத் தீவுகளேயாம். சீனத்தின் ஃபுஜியன் பிரதேசத்தோடு வாணிகமும் தூதும் கொண்டிருந்த அத்தீவினர் தங்கள் கலையைக் 'கை' என்று பொருள்படும் சொல்லாலும், 'சீனக் கை' என்று பொருள்படும் 'தோடி' என்னும் சொல்லாலும் குறித்தனர். அக்காலத்தில் ஆசானொருவர் தம் வீட்டு முற்றத்தில், பெரும்பாலும் இரவு வேளையில், இரண்டொரு சீடருக்கே கற்பித்தார். அங்கே ஐம்பது பேர் ஒருசேரத் திரும்புவதற்கான ஆணைச்சொற்களுக்குத் தேவையே எழவில்லை.

அத்தேவையைத் தோற்றுவித்தது பள்ளிக்கூடம். மெய்ஜி அரசில் கல்வி அமைச்சராயிருந்த மோரி அரிநோரி 1886-இல் இராணுவ முறைத் தேகப்பயிற்சியைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். இத்தோசு அங்கோ என்னும் ஒகினாவா ஆசான் 1901 முதல் கராத்தேயைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். 1908-இல் அவர் வரைந்த கடிதத்தில், இக்கலை தேசத்துக்கும் சேனைக்கும் பயன்படுமென்று வாதித்தார். வரிசையாக நிற்றலும், எண்ணிக்கைக்கு இசைய அடியெடுத்தலும் இவ்வழியே கலைக்குள் நுழைந்தன. இன்று நம் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கக் கேட்கும் 'கியோட்சுகே' என்னும் ஆணை ஜப்பானியப் படைப்பயிற்சியிலும் பள்ளிக்கூடத்திலும் வழங்கிய ஆணையே. தவச்சாலையின் மொழியெனப் பலர் கருதும் இதனைப் பள்ளி மைதானத்தின் மொழி என்று கொள்வதே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

இத்தோசுவின் மாணவரான ஃபுனாகோஷி கிச்சின் 1922-இல் டோக்கியோ சென்று இக்கலையைப் பல்கலைக்கழக இளைஞரிடையே பரப்பியபொழுது அடுத்த மாறுதல் நிகழ்ந்தது. வெள்ளுடையும் 'டான்' என்னும் படிநிலையும் கானோ ஜிகோரோவின் ஜூடோவிலிருந்து பெறப்பட்டன. 'கட்டா' எனப்படும் வரையறுத்த அசைவுத்தொடர்களுக்கு ஒகினாவா உச்சாரணத்தில் வழங்கிய பெயர்கள் டோக்கியோவினரின் செவிக்கு ஏற்ப மாற்றப்பட்டன: 'பினான்' என்பது 'ஹெய்யான்' ஆயிற்று, 'நைஹாஞ்சி' 'தெக்கி' ஆயிற்று, 'குஷாங்கு' 'கான்கு' ஆயிற்று. கலையின் பெயரே தப்பவில்லை. ஜப்பானியத்தில் 'கராத்தே' என்றும் ஒலிக்கத்தக்க 'சீனக் கை' என்ற எழுத்துகளை நீக்கி, அதே ஒலியில் 'வெறுங்கை' என்று எழுதும் வழக்கத்தை ஹனாஷிரோ சோமோ 1905-லேயே கையாண்டிருந்தார். 1929-இல் கெய்யோ பல்கலைக்கழகக் கழகம் அதனை ஏற்றது. 1936 அக்டோபரில் நாஹா நகரில் பத்திரிகையொன்றின் ஆதரவில் கூடிய ஒகினாவா ஆசான்களும் அதற்கு இசைந்தனர். சீனத்தோடு ஜப்பான் பகைமை முற்றிய காலமது என்பதை ஆராய்ச்சியாளர் மறத்தலாகாது. ஆயினும் ஃபுனாகோஷி இம்மாற்றத்துக்குப் பௌத்தத் தத்துவார்த்தமும் கற்பித்தார். அவர் தேர்ந்த எழுத்து, பிரஜ்ஞாபாரமிதா ஹ்ருதய சூத்திரத்தின் சீன மொழிபெயர்ப்பில் 'சூன்யம்' என்னும் சமஸ்கிருதச் சொல்லுக்கு நேராக நிற்கும் எழுத்தேயாகும்.

பயிற்சிக்கூடத்தைக் குறிக்கும் 'டோஜோ' என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சுவையானது. புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் 'போதிமண்டம்' என்பதைச் சீனப் பௌத்தர் தம் மொழியில் ஆக்கிய சொல்லே அது; பின்னர் மடாலயத்துச் சாதனைக்கூடத்துக்காகி, ஜப்பானில் வாள்வீரர் பயிலும் கூடத்துக்கும் ஆயிற்று. காஞ்சி செல்லும் நெடுஞ்சாலைக்கு அருகேயுள்ள பாரிவாக்கத்தில், போதிதருமர் காஞ்சியிலிருந்து சென்று கராத்தேயை அளித்தார் என்னும் கூற்றை அடிக்கடி கேட்கிறோம். அவரைத் தென்னிந்திய அரசகுமாரர் என்று தான்லின் என்னும் சீனர் எழுதியது உண்மை. அவருக்கும் போர்க்கலைக்கும் தொடர்பு கற்பிக்கும் 'யிஜின் ஜிங்' என்னும் நூலோ, 1624-ஆம் ஆண்டினதாகிய பிற்கால ஆக்கம். ஆதலின் பாரதத்துக்கும் இக்கலைக்கும் உள்ள தொடர்பை நிறுவ விரும்புவோர், ஐதிகத்தைக் காட்டிலும் சூன்யம், போதிமண்டம் என்னும் இச்சொற்களையே சான்றாகக் கொள்வது தக்கது.

இச்சொற்கள் தமிழகம் வந்து சேர்ந்த வழியைத் தமிழ் எழுத்தே ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. உயிர்களுக்கிடையே தனித்து வரும் வல்லெழுத்து நம் நாவில் மெலிந்து ஒலிப்பதால், 'கராத்தே', 'குமித்தே', 'கட்டா' என்று ஒற்றை இரட்டித்து எழுதுகிறோம். முதலிரண்டிலும் பல்லொலியாகிய தகரம் ஜப்பானிய ஒலிக்கு அணுக்கமாக நிற்க, 'கட்டா'வில் டகரம் வந்தது ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலித்ததனால் என்றே தோன்றுகிறது. மற்றொன்றும் காண்க: ஜப்பானியத்தில் உதையாகிய 'கெரி', முன் என்னும் பொருளதாகிய 'மாயெ'யோடு சேருங்கால் அதன் முதலெழுத்து மெலிந்தொலிக்கும், 'ஹராய்' என்பது 'கெதான் பராய்' என்னுமிடத்துப் பகரமாகும். ககரத்தின் திரிபை ஒரே எழுத்தால் எழுதும் நமக்கு அந்தப் புணர்ச்சி கண்ணுக்கே படுவதில்லை.

இச்சொற்கள் நம்மவர் பெயர்களிலும் ஏறிவிட்டன. சென்னையின் முன்னாள் துணை மேயர் 'கராத்தே' தியாகராஜன் என்றும், 2025-இல் மறைந்த வில்வித்தை ஆசான், தலையாய ஆசானைக் குறிக்கும் சொல்லால் 'ஷிஹான்' ஹுசைனி என்றுமே அறியப்பட்டனர். எனினும் பொருளறியாப் பிரயோகத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. தடுப்பு என்று நாம் கற்பிக்கும் 'உகே', பெறுதல் என்னும் வினையிலிருந்து வந்தது. எதிரியின் விசையை ஏற்று வாங்கும் நுட்பம் அதனுள் அடங்கியிருக்க, அதனை அறியாத மாணவன் முழங்கையால் மோதி நோவையே பெறுகிறான். 'சோதோ உகே', 'உச்சி உகே' என்பன ஒரு மரபில் குறிக்கும் அசைவுகளுக்கு நேர்மாறானவற்றை வேறொரு மரபில் குறிக்கின்றன. மரபு மாறிச் சேரும் மாணவனும், தேர்வு நடத்தும் ஆசிரியரும் இதனால் மயங்குகின்றனர். ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் மூலவெழுத்து, சரியான ஒலிப்பு, மரபுதோறும் வேறுபடும் பொருள் ஆகியவற்றைத் தமிழில் தரும் அகராதி ஒன்றை, தமிழகத்துக் கராத்தே ஆசிரியர்கள் மொழியறிஞரின் துணையோடு இயற்றித் தம் மாணவர் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.