சர்வோ டிரைவில் அடிக்கடி 'ஓவர் வோல்டேஜ்' அலாரமா? ரெசிஸ்டர் வாங்கும் முன் இதைப் பாருங்க!

மெஷின் வேகமா ஓடி டக்குனு நிக்கும்போது மட்டும் 'ஓவர் வோல்டேஜ்' அலாரம் அடிக்குதா? ஸ்டெபிலைசர் மாத்தியும் சரியாகலையா? அப்போ ரீஜெனரேட்டிவ் ரெசிஸ்டரைத்தான் முதலில் பார்க்கணும்.

எதுக்கு இந்த ரெசிஸ்டர்?

வேகம் குறையும்போது சர்வோ மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் இந்த மின்சாரம் பேட்டரிக்குப் போகும். சாதாரண சர்வோ டிரைவில் பேட்டரி கிடையாது. உள்ளே இருக்கும் டயோடுகள் ஒருவழிப்பாதை என்பதால் ஈபி லைனுக்கும் திரும்பாது. கெபாசிட்டரில் சேர்ந்து வோல்டேஜ் ஏறும். அந்த மிச்சத்தைச் சூடாக்கித் தீர்ப்பதுதான் ரெசிஸ்டரின் வேலை.

உதாரணத்துக்கு, மோட்டாரும் லோடும் சேர்ந்து இனர்ஷியா 0.01 கிலோகிராம் சதுர மீட்டர், வேகம் 3000 ஆர்பிஎம் என்றால், நிற்கும்போது சுமார் 490 ஜூல் வெளியே வரும். 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 325 வோல்ட்டில் இருந்து 385 வோல்ட் ஏறுவதற்குள் வாங்கிக்கொள்வது வெறும் 21 ஜூல்! உராய்வில் போவதை விட்டுவிட்டால், மீதி 470 ஜூல் ரெசிஸ்டர் தலையில்தான். 2 விநாடிக்கு ஒருமுறை மெஷின் நின்றால் சராசரியாக 235 வாட்.

வாட் மட்டும் பார்த்தா போதுமா?

இங்கதான் பலரும் சறுக்குவது. 'பெரிய வாட்டா வாங்கிப் போட்டா போதும்' என்று ஓம் மதிப்பைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். டிரைவ் மேனுவலில் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று இருக்கும். அதற்குக் கீழே போனால் கரண்ட் எகிறி, டிரைவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரே போய்விடும். ரெசிஸ்டரை மிச்சம் பிடிக்கப் போய் டிரைவையே மாத்த வேண்டியதுதான். ஓம் ரொம்ப அதிகமானாலும் மின்சாரம் வேகமாக வடியாது, பழைய அலாரமே திரும்ப வரும்.

வாட்டைப் பொறுத்தவரை, மேலே சொன்ன 235-க்கு 300 வாட் எடுத்தால் இழுபறிதான். அலுமினிய உறை ரெசிஸ்டரில் எழுதியிருக்கும் வாட், அதை ஹீட்சிங்கில் பொருத்தினால்தான் கிடைக்கும். 500 வாட் எடுப்பது நிம்மதி.

மேலும் கீழும் போகும் ஆக்ஸிஸ் என்றால் கூடுதல் கவனம் தேவை. 50 கிலோ எடை 1 மீட்டர் இறங்கினாலே 490 ஜூல் வந்துவிடும்.

வெளியே தனி ரெசிஸ்டர் போடும்போது, உள் ரெசிஸ்டருக்கான ஜம்பரைக் கழற்றணுமா என்று மேனுவலில் பாருங்க. வயர், பிளாஸ்டிக் பக்கத்தில் வைக்காதீங்க, தெர்மல் சுவிட்ச் இருந்தால் கட்டாயம் இணைங்க. மெயினை ஆஃப் செய்த உடனே கை வைக்கவே கூடாது. கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும். சார்ஜ் லைட் அணைந்து, மேனுவலில் சொன்ன நேரம் கழிந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடணும்.