அனுமதி ஆணை யாரைக் கட்டுப்படுத்தும்? மைனர் சொத்து விற்பனையும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(5) உட்பிரிவும்

மைனரின் அசையாச் சொத்தை விற்க இயற்கைக் காப்பாளருக்கு, அதாவது சட்டம் தானாகவே காப்பாளராக ஏற்கும் தந்தைக்கோ தாய்க்கோ, நீதிமன்றம் ஒருமுறை அனுமதி அளித்துவிட்டால் அந்த விற்பனையைப் பற்றிப் பின்னாளில் மைனர் கேள்வி எழுப்ப இடமில்லை என்ற கருத்து இத்துறையில் எழுதியோரிடையே நெடுங்காலமாக நிலவிவருகிறது. அதற்கு இரண்டு தூண்கள் காட்டப்படுகின்றன. ஒன்று, காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம், 1890இன் 48ஆம் பிரிவு. 47ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு உரியவை என்று பட்டியலிட்ட ஆணைகள் நீங்கலாக, அச்சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்படும் மற்ற ஆணைகள், சீராய்வுக்கு உட்பட்டு, இறுதியானவை என்றும் அவற்றை வழக்கின் வழியாகவோ வேறு வழியாகவோ எதிர்க்கலாகாது என்றும் அது கூறுகிறது. மற்றொன்று, நீதிமன்ற ஆணையை நம்பிக் கடன் கொடுத்தவர் அக்கடனின் தேவையைத் தாமே விசாரித்தறியக் கடமைப்பட்டவர் அல்லர் என்று 1880களின் நடுவில் கங்கா பிரசாத் சாகு வழக்கில் பிரிவி கவுன்சில் வகுத்த நெறி. இவ்விரண்டும் 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாண்மைச் சட்டத்தின் கீழ் அளிக்கப்படும் அனுமதிக்குப் பொருந்துகின்றனவா என்பதே இங்கு ஆராயப்படுகிறது. பொதுவாகக் கருதப்படும் அளவுக்கு அவை பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் முடிவு.

விவாதம் முழுவதும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவைச் சார்ந்திருப்பதால் அதன் அமைப்பை முதலில் கவனிக்க வேண்டும். இயற்கைக் காப்பாளர் அனுமதி கோரித் தாக்கல் செய்யும் மனுவுக்கு 1890ஆம் ஆண்டுச் சட்டம், அதன் 29ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் நியமித்த காப்பாளர் தாக்கல் செய்யும் மனுவுக்குப் பொருந்துவது போலவே, எல்லா வகையிலும் பொருந்தும் என்று அந்த உட்பிரிவு தொடங்குகிறது. அதன்பின் மூன்று கூறுகளைத் தனியே எடுத்துரைக்கிறது. முதற்கூறு, அந்த நடவடிக்கையை 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஏ பிரிவின் பொருளில் அச்சட்டத்தின் கீழான நடவடிக்கையாகக் கொள்ளச் சொல்கிறது. இரண்டாங்கூறு, 31ஆம் பிரிவின் இரண்டு, மூன்று, நான்காம் உட்பிரிவுகளில் உள்ள நடைமுறையையும் அதிகாரங்களையும் நீதிமன்றத்துக்கு உரியதாக்குகிறது. மூன்றாங்கூறு, அனுமதியை மறுக்கும் ஆணைக்கு எதிராக மேல்முறையீடு உண்டு என்கிறது.

வழக்கமான வாசிப்பு தொடக்க வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. எல்லா வகையிலும் பொருந்தும் என்று சட்டமே சொன்னபின் 48ஆம் பிரிவும் அதனுடன் வந்துவிடுகிறது; அனுமதியை மறுத்தால் மேல்முறையீடு உண்டு, அளித்தால் இல்லை; ஆகவே அளித்த அனுமதி இறுதியானது என்பது அதன் தருக்கம். மூன்றாங்கூறு ஏன் எழுதப்பட்டது என்ற வினாவுக்கு இத்தருக்கத்தில் விடையில்லை. 29ஆம் பிரிவின் கீழ் அனுமதி மறுக்கப்படும் ஆணைக்கு மேல்முறையீடு உண்டு என்பதை 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்லிவிட்டது. தொடக்க வாக்கியமே அச்சட்டம் முழுவதையும் உடன் கொண்டுவந்துவிடுமானால் அதே மேல்முறையீட்டு உரிமையை இன்னொரு முறை எழுத வேண்டிய தேவை எழவில்லை. மேல்முறையீடு பற்றிய விதி தானாக வந்து சேராது என்று சட்டத்தை வரைந்தவர்கள் கருதியதாலேயே அதனைத் தனியே எழுதினர் என்று கொள்வது பொருத்தமாக இருக்கும். அவ்வாறு கொண்டால், 47ஆம் பிரிவின் மறுதலையாகவே அமைந்த 48ஆம் பிரிவும் தானாக வந்து சேர்ந்ததாகக் கொள்ள இயலாது. அதைக் கொண்டுவரும் சொல் எதுவும் அம்மூன்று கூறுகளிலும் இல்லை.

தனியே எடுத்துரைக்கப்பட்டவை எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்பட்டவை, தொடக்க வாக்கியத்தின் பரப்பை அவை குறைக்கமாட்டா என்று இதற்கு மறுப்புக் கூறலாம். சட்ட வாசகங்களில் மிகைப்படக் கூறல் நிகழ்வதுண்டு என்பதால் இம்மறுப்பை அடியோடு தள்ளிவிட முடியாது. ஆயினும் இரண்டாங்கூறு அதற்கு இடந்தரவில்லை. 31ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, தேவை அல்லது தெளிவான நன்மை இருந்தாலன்றி அனுமதி அளிக்கலாகாது என்கிறது. அதே விதியை 8ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு நேரடியாகச் சொல்லிவிடுவதால், இரண்டாங்கூறு முதல் உட்பிரிவை விட்டுவிட்டு எஞ்சிய மூன்றை மட்டுமே எண் குறித்துச் சேர்த்துக்கொள்கிறது. கூறியது கூறலை இவ்வளவு கவனமாகத் தவிர்த்தவர்கள், அடுத்த வரியிலேயே தேவையின்றி ஒரு விதியைத் திரும்ப எழுதினார்கள் என்பது நம்பத்தக்கதன்று.

இவ்வாசிப்புக்கு இரு சட்டங்களின் அமைப்பு வேறுபாடும் துணைநிற்கிறது. நீதிமன்றம் நியமிக்கும் சொத்துக் காப்பாளர், அனுமதி பெற்றபின்னும் நீதிமன்றத்தின் கண்காணிப்பிலேயே இருக்கிறார். 34ஆம் பிரிவின்படி நீதிமன்றம் கோரினால் அவர் பிணைமுறி எழுதித் தரவேண்டும். அவ்வாறே கோரினால், நியமனத்திலிருந்து ஆறு மாதங்களுக்குள் அல்லது நீதிமன்றம் குறிக்கும் வேறு காலத்துக்குள் சொத்து, கடன் விவரப் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். கணக்குக் காட்ட வேண்டும். தவறினால் 39ஆம் பிரிவின் கீழ் நீக்கப்படலாம். அங்கு ஆணையின் இறுதித்தன்மைக்கு ஈடாகத் தொடர்ந்த மேற்பார்வை இருக்கிறது. இயற்கைக் காப்பாளரோ ஒரே ஒரு மனுவுடன் நீதிமன்றத்துக்கு வந்து, ஆணையைப் பெற்று, கிரயப் பத்திரத்தைப் பதிவுசெய்து, வெளியேறிவிடுகிறார். மேற்பார்வை இல்லாத இடத்துக்கு இறுதித்தன்மையை மட்டும் பெயர்த்துவைப்பது, ஒரு திட்டத்தின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிடுவதாகும்.

மேலும், தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று குறிப்பிடும் இம்மனுக்களில் மனுதாரரும் மைனருக்காகப் பேசுபவரும் பெரும்பாலும் ஒருவரே. அனுமதி அளிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யக்கூடிய எதிர்த்தரப்பு அங்கே இல்லை. சட்டம் மறுப்பாணைக்கு மட்டும் மேல்முறையீடு வைத்ததன் காரணம் இதுவாகவே இருக்கலாம். அவ்வாறாயின், மேல்முறையீடு இல்லாமை அனுமதியின் வலிமைக்குச் சான்றாகாது. இரு தரப்பையும் கேட்டுச் செய்யப்பட்ட தீர்ப்பு அதுவன்று என்பதையே அது காட்டுகிறது.

பிரிவி கவுன்சிலின் நெறியைப் பொறுத்தவரை, அது வங்காள மைனர்களுக்கான 1858ஆம் ஆண்டின் 40ஆம் சட்டத்தின் பின்னணியில் எழுந்தது. அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு விற்பனைக்கும் அடமானத்துக்கும் நீதிமன்றத்தின் முன்னாணை வேண்டும் என்று கூறியது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவோ, தேவை அல்லது நன்மை இன்னதென்று ஆணையிலேயே எடுத்துரைக்கவும், சொத்தை விவரிக்கவும், நிபந்தனைகளைக் குறிக்கவும் கட்டாயப்படுத்துகிறது. பொது ஏலத்தில் விற்கவும், விற்ற பணத்தை நீதிமன்றத்தில் செலுத்தவும், மைனரின் உறவினருக்கோ நண்பருக்கோ அறிவிப்பு அனுப்பவும் அதிகாரம் தருகிறது. தேவையைக் குறிப்பிடாத ஆணை, சொத்தை வாங்குபவரின் கண்ணுக்கும் குறையுடையதாகவே தெரியும். ஆகவே முன்னாணையை நம்பியவரைக் காத்த பழைய நெறி, ஆணையின் முகப்பிலேயே குறை தெரியும் நிலைக்கு நீளாது.

வழக்கமான கருத்தின் விளைவும் விந்தையானது. முன்னனுமதியின்றி நடந்த விற்பனை 8(3) உட்பிரிவின்படி மைனரின் விருப்பப்படி தவிர்க்கத்தக்கது. அதாவது அவர் எதிர்க்கும் வரை செல்லும், எதிர்த்தால் செல்லாது. வயதடைந்தவர் வழக்குத் தொடராமல், அதே சொத்தைத் தாமே விற்பது போன்ற நடத்தையாலும் அதைத் தள்ளிவிடலாம் என்று 2025இல் கே.எஸ். சிவப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிமன்றத்துக்கே செல்லாத தந்தையின் பிள்ளைக்கு இவ்வளவு பரிகாரம் இருக்க, உண்மையை மறைத்து ஆணை பெற்ற தந்தையின் பிள்ளைக்கு எதுவுமே இல்லை என்பது பாதுகாப்புக்காக எழுந்த ஒரு சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது.

வாங்குபவரின் உறுதிப்பாடு குலையும் என்ற அச்சம் நீண்ட விடைக்கு உரியதன்று. காலவரையறைச் சட்டம், 1963இன் 60ஆம் கூறு வயதடைந்தபின் மூன்று ஆண்டுகளையே தருகிறது. இங்கு வாதிடப்படும் உரிமையும் குறுகியதே. நீதிபதி தேவையை எடைபோட்டது தவறு என்று மட்டும் சொல்லி எவரும் விற்பனையைக் கலைக்க முடியாது. ஆணையில் தேவை கூறப்படாதபோதும், உண்மைகளை மறைத்து ஆணை பெறப்பட்டபோதும், ஆணையின் நிபந்தனை மீறப்பட்டபோதும் மட்டுமே மைனரின் வழக்குக்கு இடமுண்டு. கூட்டுக்குடும்பச் சொத்தில் உள்ள பிரிபடாத பங்கு 8ஆம் பிரிவுக்கு வெளியே நிற்பதாக ஸ்ரீநாராயண் பால் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருப்பதால், இவ்விவாதம் மைனரின் தனிச்சொத்துக்கு மட்டுமே உரியது.

எனவே 8ஆம் பிரிவின் கீழான அனுமதியை மாவட்ட நீதிமன்றங்கள் ஒரு சடங்காகக் கருதாமல், தேவையை ஆணையிலேயே விரித்தெழுதுவதையும், உறவினருக்கு அறிவிப்பு அனுப்புவதையும், கிரயத் தொகையை மைனர் பெயரில் வைப்பீடு செய்யக் கட்டளையிடுவதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அனுமதி ஆணை வாங்குபவரின் விசாரணைச் சுமையைக் குறைக்கிறது. மைனரின் வழக்குரிமையைப் பறிக்கும் ஆற்றலை 1956ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அளிக்கவில்லை.