ஊக்கத்தொகை: ஒரு சொல்லின் வரலாறும் வழக்கும்

விற்பனை இலக்கை எட்டிய ஊழியர்க்குத் தரும் பணம் ஊக்கத்தொகை எனப்படுகிறது. தேர்வில் சிறந்த மாணவர்க்கும், பதக்கம் வென்ற வீரர்க்கும், கரும்பு விளைவித்த தமிழ்நாட்டு உழவர்க்கும் தரப்படுவதும் அதே பெயரையே பெறுகிறது. இவை அனைத்தும் ஒரே தன்மையனவா என்பதே நம் வினா.

'ஊக்கு' என்னும் வினைக்கு உந்துதல், ஆட்டுதல் என்னும் பொருள்கள் உண்டு. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில், ஊசலில் அமர்ந்த தலைவி தன்னைச் சிறிது ஊக்குமாறு தலைவனை வேண்டுகிறாள். உடலை உந்துதற்குரிய இச்சொல்லே உள்ளத்தின் எழுச்சிக்கும் உரியதாயிற்று. திருக்குறளின் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. தளராத ஊக்கம் உடையவனைச் செல்வம் தானே வழி கேட்டுச் சென்று அடையும் என்பது வள்ளுவர் கருத்து. அங்கே ஊக்கம் முன்னது, பொருள் பின்னது. இன்றைய ஊக்கத்தொகையிலோ பொருளைக் காட்டி ஊக்கத்தை எழுப்ப முயல்கிறோம்.

சொல்லின் அமைப்பே இம்மயக்கத்திற்கு இடந்தருகிறது. ஊக்கத்தைத் தரும் தொகை என இரண்டாம் வேற்றுமையாக விரித்தால், அது இனிச் செய்ய வேண்டிய செயலுக்கான தூண்டுதல். ஊக்கத்திற்குத் தரும் தொகை என நான்காம் வேற்றுமையாக விரித்தால், அது செய்து முடித்த செயலுக்கான பாராட்டு. முன்னதன் பார்வை எதிர்காலத்தில். பின்னதன் பார்வை இறந்தகாலத்தில்.

பாராட்டைக் குறிக்கப் பழந்தமிழில் 'பரிசில்' இருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி, தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தி புறநானூற்றின் 208ஆம் பாடலில் உள்ளது. தாம் வாணிகம் செய்யும் பரிசிலர் அல்லர் என்கிறார் அவர். தம் தகுதியை அறிந்து தருவதாயின் தினையளவே எனினும் இனிது என்கிறார். பரிசிலின் உயிர் மதிப்பில் இருந்தது, அளவில் அன்று.

வடமொழிவழி வந்த சொற்களும் இதையே காட்டுகின்றன. வெகுமதி என்பதன் மூலப்பொருள் மிகுந்த மதிப்பு. சன்மானம் என்பதும் பெருமைப்படுத்துதலே. காலப்போக்கில் இரண்டும் பணத்தையும் பொருளையும் குறிக்கலாயின. அரபுமொழியிலிருந்து வந்த 'இனாம்', ஒரு காலத்தில் வரிச்சலுகையுடன் வழங்கப்பட்ட நிலக்கொடையைச் சுட்டியது. இன்று பேச்சுவழக்கில் இலவசம் என்ற அளவில் நின்றுவிட்டது.

நம் வட்டாரத்தில் தூண்டுதல் தொகைக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. மலாயாத் தோட்டங்களில், தம் ஆட்களுள் அன்றன்று வேலைக்கு வந்தோரின் தலையை எண்ணிக் கங்காணிக்குக் காசு தரும் வழக்கம் இருந்தது. உழைப்பு ஒருவருடையது, ஊக்கம் பெற்றவர் மற்றொருவர். உடல்நலம் குன்றியவரையும் வேலைக்கு அனுப்பினால் கங்காணிக்கு ஆதாயம். யாருக்கு ஊக்கம், எதற்கு ஊக்கம் எனக் கேட்க வேண்டியதன் தேவையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

வகுப்பறையில் இவ்வேறுபாடு இன்னும் முக்கியமானது. வறுமை கருதித் தருவது உதவித்தொகை. வெற்றி கருதித் தருவது பரிசு. இனி முயல்வதற்காக முன்கூட்டி அறிவிப்பது ஊக்கத்தொகை. மூன்றையும் ஒரே பெயரால் அழைத்தால், உதவி பெறும் மாணவன் தன்னை ஊக்கமற்றவன் எனக் கருதுகின்றனர் என எண்ணக்கூடும். பரிசு பெறும் மாணவியோ தன் உழைப்புக்கு விலை பேசப்பட்டதாக நினைக்கக்கூடும்.

ஆகவே, மொழிபெயர்ப்போரும் ஆசிரியரும் அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடாமல், அத்தொகை செயலுக்கு முன் அறிவிக்கப்பட்டதா, பின் தரப்பட்டதா, தேவைக்காகத் தரப்பட்டதா என ஆராய்ந்து சொல்லைத் தேர்தல் வேண்டும். ஊசலை ஒருமுறை உந்தலாம். தொடர்ந்து ஆடும் ஆற்றலை ஆடுபவரே பழகிக்கொள்ள வேண்டும். அந்த ஆற்றலுக்கே வள்ளுவர் ஊக்கம் என்று பெயரிட்டார்.