விற்பனைக்கு இல்லாத கார்: மின்சார கார் லீசிங்கின் முதல் பாடம்



2020 இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கிய பிறகு, நம்மில் பலர் முதல் மின்சார காரை லீசிங்கில் எடுக்க யோசிக்கிறோம். "மாசம் எவ்வளவு கட்ட வேணும்?" என்பதுதான் முதல் கேள்வி. கடைசித் தவணைக்குப் பிறகு என்ன நடக்கும் என்று கேட்பவர் குறைவு. அதைக் கேட்க வேண்டியது ஏன் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சரித்திரமே இருக்கிறது.

1990 இல் கலிபோர்னியா மாநிலத்தின் காற்று வளச் சபை ஒரு விதி கொண்டு வந்தது. பெரிய கார் கம்பனிகள் அங்கு விற்கும் புதிய வாகனங்களில் 2 சதவீதம் 1998 ஆம் ஆண்டளவில் புகையே விடாதவையாக இருக்க வேண்டும் என்பதே அது. கம்பனிகளின் எதிர்ப்பால் அந்த விதி பிறகு தளர்த்தப்பட்டது. ஆனாலும் 1996 டிசம்பரில் ஜெனரல் மோட்டர்ஸ் தனது ஈ.வி.1 காரை வீதிக்கு இறக்கியது. இரண்டே இருக்கைகள். முதலில் வந்தவற்றில் ஈய அமில பற்றரி. 1999 இல் வந்தவற்றில் அதைவிடத் தூரம் ஓடும் நிக்கல் பற்றரி.

காரின் பெறுமதி ஏறத்தாழ 34,000 டொலர் என்று கணக்கிட்டுத்தான் மாதக் கட்டணம் போட்டார்கள். ஆனால் அந்த விலையை முழுதாகக் கொடுத்தாலும் கார் கிடைக்காது. லீசிங் மட்டும்தான். காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வாங்கிக்கொள்ள வழியில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

மொத்தம் 1,117 கார்கள் செய்தார்கள். ஓட்டியவர்களில் பலருக்கு அதை விட மனமில்லை. ஆனால் உதிரிப்பாகங்களைத் தொடர்ந்து வழங்க முடியாது, போதிய இலாபமும் இல்லை என்று கூறி, கம்பனி எல்லாவற்றையும் திருப்பி எடுத்தது. பெரும்பாலானவை நசுக்கப்பட்டன. சில மட்டும் ஓட முடியாதபடி செய்யப்பட்டு அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போயின. 2005 இல் பேர்பேங்க் நகரில் எஞ்சி நின்ற கார்களைக் காசு கொடுத்தே வாங்குகிறோம் என்று ஆர்வலர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தும் பலன் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் டொயோட்டாவின் ரவ்4 மின்சார வாகனமும் லீசிங்கில்தான் ஓடியது. ஆனால் 2002 இல் அக்கம்பனி சிலவற்றைப் பொதுமக்களுக்கு விற்றது. விற்கப்பட்டவை பல வருடங்கள் வீதியில் ஓடின. ஒரே மாநிலம், ஒரே காலம். வித்தியாசம் உரிமை யாரிடம் இருந்தது என்பதில்தான்.

நம் நாட்டு லீசிங் வேறு வகை. இங்கு பதிவுச் சான்றிதழில் நிதிக் கம்பனி முழு உரிமையாளராகப் பதியப்படும்; தவணை முடிந்ததும் உரிமை நம் பெயருக்கு மாறும். அது நமக்கு நல்லதுதான். ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் பற்றரி தேய்ந்தால் அது கம்பனியின் கவலை. இங்கு கார் நமதாகும்போது தேய்ந்த பற்றரியும் நமதாகிறது. 2010 இன் இறுதியில் வந்த நிசான் லீஃப் பற்றரிக்குத் தனியான குளிரூட்டும் அமைப்பு இல்லை. வெப்பமான இடங்களில் அதன் கொள்ளளவு வேகமாகக் குறைந்தது. பாவித்த லீஃப் வாங்குவோர் மீற்றரில் உள்ள 12 கோடுகளில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்ப்பது இதனால்தான்.

ஆகவே லீசிங் என்றாலும் இஜாரா என்றாலும், கையொப்பமிட முன் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசித் தவணைக்குப் பிறகு வாகனம் எப்போது, என்ன செலவில் நம் பெயருக்கு மாறும்? பற்றரிக்கு எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம், அதை இலங்கையில் யார் பொறுப்பேற்பார்? அந்த உத்தரவாதம் தவணைக் காலத்துக்கு முன்பே முடிந்துவிடுமா?

மூன்றாவதற்கு "ஆம்" என்று பதில் வந்தால், பற்றரி பழுதான காருக்கும் நாம் மாதாமாதம் கட்ட நேரிடும். தவணையைக் கொஞ்சம் சுருக்குங்கள், அல்லது வேறு காரைப் பாருங்கள்.