நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் மருந்துகள்: காசநோய்த் தடுப்பூசி புற்றுநோய் மருந்தானது எப்படி?

பிறந்த குழந்தையின் இடது மேல்கையில் போடப்படும் பிசிஜி தடுப்பூசியை அறியாத இந்தியக் குடும்பம் இல்லை எனலாம். அதே பிசிஜி கிருமி, முதியவர் ஒருவரின் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தப்படுகிறது என்றால் பலருக்கும் வியப்பாக இருக்கும். அங்கே அது தடுப்பூசி அல்ல; புற்றுநோய்க்கான மருந்து.

உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தை வேண்டுமென்றே கிளர்ந்தெழச் செய்து, அதன் வழியாக நோயை எதிர்கொள்ளும் மருந்துகள் நோய் எதிர்ப்புத் தூண்டிகள் எனப்படுகின்றன. தடுப்பூசி ஒரு குறிப்பிட்ட கிருமியை உடலுக்கு அடையாளம் காட்டுகிறது. தூண்டிகளில் பல, கிருமி எது என்று பாராமல் தற்காப்பு அணுக்களைப் பெருக்கவோ, அவற்றின் வேகத்தைக் கூட்டவோ செய்கின்றன.

இச்சிந்தனைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, கடும் தோல் தொற்றுக்கு உள்ளான சில நோயாளிகளின் புற்றுக்கட்டிகள் சுருங்கியதைக் கவனித்தார். 1891-ஆம் ஆண்டு முதல் அவர் பாக்டீரியாக்களைக் கட்டிகளில் செலுத்திப் பார்த்தார். சிலர் குணமடைந்தனர்; ஆனால் விளைவுகளை முன்கூட்டிக் கணிக்க முடியவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பரவியதும் அம்முறை வழக்கொழிந்தது.

பிசிஜியின் கதை வேறு. பிரான்சின் ஆல்பர்ட் கால்மெட், காமில் குரேன் ஆகிய இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகளில் 230 முறை மறு வளர்ப்புச் செய்து அதன் வீரியத்தைக் குறைத்தனர். 1921-இல் அது முதன்முதலாக மனிதருக்கு அளிக்கப்பட்டது. இந்தியாவில் இத்தடுப்பூசியைத் தயாரிப்பதற்கான அரசு ஆய்வகம் 1948-இல் சென்னை கிண்டியில் தொடங்கப்பட்டது. கனடாவின் சிறுநீரகவியல் மருத்துவர் அல்வாரோ மொராலெஸ், 1976-இல் ஒன்பது நோயாளிகளிடம் பெற்ற பயனை வெளியிட்ட பிறகே சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இதன் பயன்பாடு வேரூன்றியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1990-இல் இதற்கு ஒப்புதல் அளித்தது.

தசை அடுக்கு வரை ஊடுருவாத, மீண்டும் தோன்றும் அபாயம் மிகுந்த புற்றுக்கே இச்சிகிச்சை. முதலில் கட்டி அறுவை சிகிச்சை மூலம் அகற்றப்படும். புண் ஆறிய பின், மெல்லிய குழாய் வழியாக மருந்துக் கரைசல் சிறுநீர்ப்பையில் செலுத்தப்படும். நோயாளி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கி வைத்திருக்க வேண்டும். வாரம் ஒரு முறை என ஆறு வாரங்கள். அபாயம் கூடுதலாக உள்ளவர்களுக்கு இடைவெளி விட்டு மூன்று ஆண்டுகள் வரை தொடரும். கிருமி சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஒட்டி அழற்சியை உண்டாக்குகிறது. அங்கு விரைந்து வரும் வெள்ளையணுக்கள், எஞ்சியிருக்கும் புற்றணுக்களையும் சேர்த்தே தாக்குகின்றன.

உள்ளே செல்வது உயிருள்ள கிருமி என்பதால், வீட்டிலும் கவனம் தேவை. சிகிச்சைக்குப் பின் ஆறு மணி நேரம் வரை, ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பின்பும் கழிவறையில் பிளீச்சிங் கரைசலை ஊற்றிக் கால் மணி நேரம் கழித்தே தண்ணீர் விட வேண்டும். சிறுநீர் எரிச்சலும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் தணிவது வழக்கம். இரண்டு நாட்களுக்கு மேல் நீடிக்கும் கடும் காய்ச்சல், கிருமி இரத்தத்தில் பரவியதன் அறிகுறியாக இருக்கலாம். அரிதான இந்நிலைக்குக் காசநோய் மருந்துகளே அளிக்கப்படுகின்றன. சிறுநீரில் இரத்தமோ தொற்றோ இருக்கும் நாளில் மருந்து செலுத்தப்படுவதில்லை.

மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் மற்றொரு தூண்டி ஃபில்கிராஸ்டிம். கீமோதெரபி, புற்றணுக்களோடு எலும்பு மஜ்ஜையையும் பாதிப்பதால் வெள்ளையணுக்கள் சரிந்து, சாதாரணத் தொற்றும் உயிருக்கு ஆபத்தாகிறது. தோலுக்கடியில் செலுத்தப்படும் இவ்வூசி, நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்களின் உற்பத்தியை விரைவுபடுத்துகிறது. கீமோதெரபி முடிந்து 24 மணி நேரம் கழிந்த பின்னரே இதைப் போட வேண்டும். எலும்பு வலி இதன் பொதுவான பக்கவிளைவு; மஜ்ஜை மும்முரமாக வேலை செய்வதால் வரும் வலி அது.

கல்லீரல் அழற்சி நோய்களுக்கு இன்டர்ஃபெரான், சிலவகை மருக்களுக்கு மேற்பூச்சாகத் தடவும் இமிக்விமோட் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இந்தியாவின் பங்களிப்பும் குறிப்பிடத்தக்கது. புதுதில்லி தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் ஜி.பி. தல்வார் தலைமையிலான குழு, நோய் உண்டாக்காத மைக்கோபாக்டீரியம் ஒன்றிலிருந்து தொழுநோய்ச் சிகிச்சைக்கு உதவும் மருந்தை உருவாக்கியது. 2009-இல் அது தனி இனமென நிறுவப்பட்டு, 'மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிரானி' என்ற பெயருடன் அறிவியல் இதழில் இடம்பெற்றது. கொவிட் பரவிய 2020-ஆம் ஆண்டிலும் இம்மருந்து பரிசோதிக்கப்பட்டது.

தூண்டுதல் எப்போதும் நன்மையே தரும் என்று கொள்வதற்கில்லை. குடற்புழு மருந்தான லெவாமிசோல், பெருங்குடல் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக அமெரிக்காவில் 1990-இல் ஏற்கப்பட்டது. எதிர்ப்பாற்றலைத் தூண்ட வந்த அதுவே சிலருக்கு வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்ததால், பின்னர் அந்நாட்டுச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. முரண்நகை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

கொவிட் காலத்தில் கடைகளில் குவிந்த 'இம்யூனிட்டி பூஸ்டர்' பொருட்களை மேற்கண்ட மருந்துகளோடு ஒப்பிட இயலாது. மேலே கூறியவை குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட அளவில், மருத்துவக் கண்காணிப்பில் தரப்படுபவை. சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் ஆய்விதழில் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதம் ஒருபுறமிருக்க, முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் உறுப்புகளையே தாக்குகிறது என்பது உறுதியானது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களோ, அவ்வுறுப்பை உடல் நிராகரித்துவிடாதபடி எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை அன்றாடம் உட்கொள்கின்றனர். இவர்கள் எந்தத் தூண்டியையும், மூலிகைப் பொடியே ஆனாலும், தம் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது.