ஏலாக்குறிச்சி வட்டாரக் கத்தோலிக்க மணச் சடங்குகள்

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவரின் (1680–1747) பணியோடும் அடைக்கல அன்னை திருத்தலத்தோடும் பிணைந்த ஊர். இவ்வூரை உள்ளடக்கிய, இயேசு சபையினரின் பழைய மதுரை மிஷனில், கிறித்தவர்கள் தமிழ் மணச் சடங்குகளைத் தொடர்ந்தது பெரும் விவாதமாயிற்று.

1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் இதுபற்றி ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பதித்த தாலி, 108 இழை மஞ்சள் கயிறு, மணப்பந்தலில் அரசங்கிளை நடுதல், தேங்காய் உடைத்துச் சகுனம் பார்த்தல் ஆகியவற்றை அது தடுத்தது. சிலுவையோ மாதா உருவமோ பொறித்த தாலிக்கு இடமளித்தது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இத்தடைகளை உறுதிசெய்தார். சகுன நம்பிக்கை விலக்கப்பட்டாலும், தமிழ் மணத்தின் உயிரான தாலி நிலைத்தது; தமிழ்க் கத்தோலிக்கர் இன்றும் சிலுவைத் தாலி அணிகின்றனர்.

மணத்துக்கு முன் கோயிலில் மண அறிவிப்பாகிய ஓலையை வாசிப்பதும், தவக்காலத்தில் மணத்தைத் தவிர்ப்பதும் பிற மரபுகள்.