படித்ததுதான் எழுத வருது சார்!

பதிவு கொஞ்சம் நீளம். வாட்ஸப்பில் வேறு அனுப்பிவிட்டு "படிச்சாச்சா?" என்று கேட்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவள் பிள்ளையே பத்தாவது படிக்கிறான். "சார், எனக்குப் படிக்க ரொம்பப் பிடிக்கும். எழுதணும்னு ஆசை. ஆனா உட்கார்ந்தா நான் படிச்சதுதான் எழுத வருது. அது காப்பி ஆயிடுமே சார்?" என்றாள். கடைசி வாக்கியம் என்னைக் குத்தியது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தாம்பரத்தில் ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, மூன்றாவது பல்லாவரம். அங்கே 1911 முதல் 1950ல் மறையும் வரை வாழ்ந்தவர் மறைமலையடிகள். தனித்தமிழ் இயக்கம் கண்டவர் என்று பாடப்புத்தகத்தில் இரண்டு வரி படித்திருப்பீர்கள். (நான் மேலே எழுதிய தமிழைப் பார்த்தால் அடிகள் நிச்சயம் முகம் சுளிப்பார்.) அந்தக் கதை இன்னொரு நாளைக்கு. இன்றைக்கு, அவர் எப்படி எழுத வந்தார் என்பது மட்டும்.

1876ல் நாகப்பட்டினம் பக்கம் பிறந்தார். அப்போது பெயர் வேதாசலம். சிறு வயதில் அப்பா போய்விட, உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது. அங்கே நாராயணசாமி பிள்ளை என்று ஒரு தமிழறிஞர், புத்தகக் கடை வைத்திருந்தார். பையன் அவரிடம் போய்ச் சேர்ந்தான். பள்ளிக்கூடம் விட்டதைப் புத்தகக் கடை பிடித்துக்கொண்டது. அந்த இளம் வயதிலேயே 'நாகை நீலலோசனி' என்ற பத்திரிகைக்குக் கட்டுரைகள் எழுதினார்.

1898ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். நம்மில் பலர் நம்ம ஊர் வளாகத்தில் பாடம் நடத்தினார் என்று நினைக்கிறோம். இல்லை. கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது, தாம்பரத்துக்கு வந்தது 1937ல்தான். அங்கே பரிதிமாற் கலைஞரோடு பணியாற்றினார். முல்லைப்பாட்டு மொத்தம் 103 அடி. பத்துப்பாட்டில் அதுதான் சிறியது. அதற்கு 1903ல் ஒரு ஆராய்ச்சி நூலே எழுதினார். ஆங்கிலத் திறனாய்வு படித்த கண்ணோடு சங்கப் பாட்டைப் பார்த்ததில் வந்தது அது. முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: பையன்களுக்குப் புரியவைக்கப் படாதபாடு பட்டவர் எழுதிய புத்தகம் என்பது படிக்கும்போதே தெரிகிறது.

இப்போது என் மாணவி கேட்டதற்கு வருகிறேன். வடமொழி படித்தார், 1907ல் சாகுந்தலத்தைத் தமிழில் தந்தார். ஆங்கிலத்தில் அடிசன் கட்டுரைகளைப் படித்தார், அவற்றைத் தழுவி 1908ல் 'சிந்தனைக் கட்டுரைகள்' வந்தது. ரெய்னால்ட்ஸ் நாவல் ஒன்றைப் படித்தார், அது 1911ல் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' ஆயிற்று. எல்லாம் படித்ததுதானம்மா! படித்த சுகத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ள முடியாமல், அந்த மொழி தெரியாதவனுக்கு நம்ம தமிழில் சொன்னால் எப்படி இருக்கும் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவர் கைக்கு ஒரு நடை வந்தது. பிற்பாடு மாணிக்கவாசகர் காலத்தைப் பற்றி அத்தனை பெரிய நூலை எழுதிய கை அதுதான். நாவல்களைவிட எனக்குக் கட்டுரைகள்தான் உசத்தி, அது என் ரசனை.

சரி, குத்தல் விஷயம்.

எண்பதுகளின் கடைசியில், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நாற்பது பக்க நோட்டில் ஒரு கதை எழுதி என்னிடம் கொடுத்தான். எங்கோ படித்த துப்பறியும் கதை. ஆனால் ஆட்கள் எல்லாம் ரயில்வே காலனி ஆட்கள். கொலை நடப்பது மீட்டர் கேஜ் யார்டில். முடிவையும் மாற்றியிருந்தான். நான் எழுத்துப்பிழைகளைச் சுழித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் 'காப்பி' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகும் லைப்ரரி பீரியடில் அவன்தான் முதலில் வந்து புத்தகம் எடுப்பான். எழுதி எதையும் கொண்டுவரவில்லை.

ஓய்வு பெற்றபின் கன்னிமாரா வளாகத்தில் இருக்கும் மறைமலையடிகள் நூல்நிலையத்துக்குப் போனேன். அடிகள் சேர்த்துவைத்திருந்த ஏறக்குறைய 4000 புத்தகங்களைக் கொண்டு 1958ல் தொடங்கியது. அலமாரிகளுக்கு நடுவே நிற்கும்போது எனக்கு அடிகள் நினைவு வரவில்லை, அந்த நாற்பது பக்க நோட்டுதான் வந்தது.

பெயரை இங்கே போட மாட்டேன். அப்பா, நீ இதைப் படித்தால், அந்த யார்டில் டார்ச்சோடு கடைசியில் ஓடியது யார் என்று எனக்கு மறந்துவிட்டது. போன் செய்து சொல். சேலையூர் வீடு அதேதான், நம்பரும் அதேதான்.